கோவிந்தா செம்பில் விழுந்த கொள்ளு

14

திங்கட்கிழமை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கேட்டு ருக்மணி பதறினாளே, அங்கேதான் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். பாவம், அவள் பயந்தது தப்பான ஆளுக்கு. இன்ஸ்பெக்டர் என்ன, நாலு கேள்வி கேட்டுவிட்டு மோர் குடித்துவிட்டுப் போகிற மனிதர். பயப்பட வேண்டிய சங்கதி வேறொன்று இருந்தது. கொத்தேரிப்பள்ளியில் வீட்டுக்கு வீடு ஈரத் துணிக்குள் அது முளை விட்டுக்கொண்டிருந்தது.

புதிதாக நம் தெருவுக்குள் நுழைகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஓசூரிலிருந்து தொரப்பள்ளி போகிற வழியில் ஒரு மண் ரோடு பிரிகிறது. அந்த ரோட்டின் கடைசியில் இருப்பது கொத்தேரிப்பள்ளி. ஊருக்கு ஒரே பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்கு ஒரே டீச்சர் நம் ருக்மணி. "வீட்டுக்கு வந்த மருமவ வெளியில போயி சம்பாரிக்கணுமா?" என்று குதித்த மாமனார் வெங்கடசாமியைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தவன் அவள் புருஷன் கங்கப்பன். அவனுக்கு ஓசூரில் விதையும் உரமும் கொடுக்கிற விவசாய டிப்போவில் வேலை. ஆறு வயதில் கௌரி என்று ஒரு பெண். கங்கப்பனின் அக்கா சென்னம்மாள், புருஷனை இழந்து தம்பி வீட்டோடு இருப்பவள். வீடு இவ்வளவுதான்.

விதையும் உயிரும் பற்றிய பாடத்தை இன்ஸ்பெக்டர் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். புத்தகத்திலிருந்து வாசித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடும். அதனால் ருக்மணி புருஷனிடம் நல்ல விதைக் கொள்ளாகக் கொஞ்சம் கேட்டிருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் ஒரு துணிப்பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தான் கங்கப்பன். கொள்ளின் மேல் வெளுத்த தூசி படிந்திருந்தது.

"என்னாங்க இது?"

"சாம்பல்தான், வேற என்னா. நம்ம வீட்டுக் கொள்ளு எப்படி இருக்குது?"

அதுவும் சரிதான். கொள்ளோ அவரையோ, வண்டு விழாமல் இருக்கச் சாம்பலில் புரட்டி வைப்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். ருக்மணி பிறந்த வீட்டிலும் அப்படித்தான், புகுந்த வீட்டிலும் அப்படித்தான். இரண்டாம் தடவை அவள் யோசிக்கவே இல்லை.

வியாழக்கிழமை பாடம் அமர்க்களமாக நடந்தது. ஒரு கொள்ளை இரண்டு விரலில் பிடித்துக் காட்டினாள்.

"இது உயிரோட இருக்குதா, செத்துப் போச்சா?"

"செத்துப் போச்சு டீச்சர்!"

"சாவல. தூங்குது. தண்ணி போயி எழுப்பினா எழுந்துக்கும். சாம்பல் ஏன் போட்டிருக்காங்க?"

"வண்டு வராம இருக்க!"

"வண்டு ஏன் வராது?"

"மூச்சு முட்டிப் போயிடும் டீச்சர்!"

ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தாள். சாம்பலை நன்றாகக் கழுவிவிட்டு ராத்திரி ஊற வையுங்கள், காலையில் ஈரத் துணியில் முடிந்து தொங்க விடுங்கள், திங்கட்கிழமை கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள்ளேயே இரண்டு பிள்ளைகள் ஓடி வந்து, "டீச்சர், எங்க வீட்டுக் கொள்ளு மூக்கு நீட்டிடுச்சு!" என்றார்கள். ருக்மணி அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்பதை நினைத்தால் நமக்கே பாவமாக இருக்கிறது.

இப்போது சனிக்கிழமை. சாதாரணச் சனிக்கிழமையா? புரட்டாசி மூன்றாம் சனி. பள்ளிக்கூடம் இல்லை. ஊரில் ஒரு வீட்டிலும் கறி முட்டை கிடையாது. விடிந்ததுமே பிள்ளைகள் குளித்து, நெற்றியில் நாமம் போட்டு, நாமம் போட்ட செம்போடு கிளம்பிவிட்டார்கள். "வெங்கட்ரமணா! கோவிந்தா!" என்று வாசல் வாசலாக நின்று கூவினால், அரிசிச் செம்பில் ஒரு பிடி அரிசி விழும், தானியச் செம்பில் ஒரு பிடி பயறு பச்சை விழும். பாறை மேல் இருக்கிற வெங்கட்ரமணசாமி கோயிலில் அந்த அரிசி பொங்கலாகும், தானியம் சுண்டலாகும். சாமிக்குப் படைத்ததும் முதல் இலை பிச்சை எடுத்த பிள்ளைகளுக்குத்தான். இந்த வருஷம் தானியச் செம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தது நம் கௌரி.

ருக்மணி மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வாசலில் சைக்கிள் தடாலென்று விழுந்த சத்தம் கேட்டது. டிப்போவில் இருக்க வேண்டிய கங்கப்பன் உள்ளே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ருக்கு, அந்தக் கொள்ளு எங்க?"

"புள்ளைங்ககிட்டக் குடுத்துட்டேனே. ஏன், என்னாச்சு?"

அவன் கதவைச் சாத்தினான். பட்டப்பகலில் கதவைச் சாத்துகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மாவுக் கையோடு ருக்மணி எழுந்து நின்றுவிட்டாள்.

"டிப்போ வாட்ச்மேனோட கோழிங்க ரெண்டு காலையில செத்துக் கெடந்துச்சு. மூட்டையிலிருந்து சிந்தின கொள்ளைத் தின்னுட்டுச் செத்திருக்குது. நான் எடுத்தாந்தேனே, அதே மூட்டை." அவனுக்கு மூச்சு வாங்கியது. "அது சாம்பல் இல்ல ருக்கு. மருந்து. விதை நேர்த்தி பண்ற மருந்து. மூலையில டப்பா இருந்துச்சு, மண்டையோட்டுப் படம் போட்டு. மனுசரும் ஆடு மாடும் வாய் வெக்கக் கூடாதுன்னு அதுல எழுதியிருக்குது."

"கழுவச் சொன்னேனே! நல்லாக் கழுவச் சொன்னேனே!"

"கழுவினா முழுக்கப் போற மருந்து இல்லியாம்."

ருக்மணி தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னது. பாடத்துக்குக் கொடுத்தது. யார் தின்னப் போகிறார்கள்? முடிச்சு பாட்டுக்கு உத்திரத்தில் தொங்குகிறது. வீடு வீடாகப் போய் அவிழ்த்து வாங்கிக் குழியில் போட்டுவிட்டால் தீர்ந்தது. இப்படி நினைத்துக்கொண்டே அவள் தன் வீட்டு உத்திரத்தை நிமிர்ந்து பார்த்தாள். கௌரியின் முடிச்சு தொங்கிய ஆணி வெறுமனே இருந்தது.

"அண்ணி!" என்று கூப்பிட்டாள். "கௌரியோட கொள்ளு முடிச்சு எங்க அண்ணி?"

பின்கட்டிலிருந்து சென்னம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சாமிக்குப் போயிடுச்சும்மே. நாந்தான் செம்புல போட்டேன். என்னா அழகா மொளச்சிருந்துச்சு தெரியுமா? சனிக்கெழம அதுவுமா மொளச்ச தானியத்தை வீட்டுல தொங்க வுட்டுக்கினு இருப்பாங்களா? மொத மொள சாமிக்குத்தான்னு தெருவுல அத்தினி பேருக்கும் சொல்லிட்டேன். எல்லாரும் போட்டுட்டாங்க. இந்த வருசம் சுண்டலு மொளகட்டின கொள்ளுதான்." பெருமையாகச் சொல்லி முடித்த பிறகுதான் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "ஏன்டா, என்னாடா ஆச்சு?"

பாறைப் பக்கமிருந்து தப்பட்டைச் சத்தம் வந்தது. சாமிக்குச் சமைக்கிற தளிகை முடியப் போகிறது என்று அர்த்தம்.

ருக்மணி வாசலுக்குப் பாய்ந்தாள். கங்கப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நில்லு. மருந்துன்னு சொல்லாத. வேற ஏதாச்சும் சொல்லு. பல்லி விழுந்துச்சுன்னு சொல்லு. ஆபீசருக்குத் தெரியாம எடுத்தாந்தேன் ருக்கு. வேலை போவும். திருட்டுக் கேசு போடுவாங்க. உன் வேலையும் போவும்."

"அங்க முதல் இலையில கௌரி உக்காந்திருக்குதுங்க!"

கையை உதறிக்கொண்டு ஓடினாள். ஓடினாள் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிடலாம். ஊர் நடுவே மருமகள் ஒருத்தி, தலை முடி அவிழ, கையெல்லாம் மாவாக, புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கொத்தேரிப்பள்ளி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது. "என்னா டீச்சரம்மா?" என்று யாரோ கேட்டார்கள். அவள் காதில் விழவில்லை. மண்டைக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. பிள்ளைகளின் பெயர்கள். ஆஜர் கூப்பிடுகிற வரிசையில் ஒவ்வொரு பெயராக வந்து வந்து போயின.

பாறையின் அடியில் லால் பாஷாவின் ஜட்கா வண்டி குதிரையோடு நின்றிருந்தது. முட்டை வியாபாரி அவர். புரட்டாசியில் ஊர் முட்டை முழுவதும் அவர் கூடைக்குத்தான் போகும். ஓசூர் சந்தைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர், ருக்மணியின் முகத்தைப் பார்த்ததும் கடிவாளத்தை விட்டுவிட்டு நின்றுவிட்டார்.

பாறைப் படிகளில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். முழங்கால் தோல் போயிற்று. மேலே வந்து பார்த்தால், பிள்ளைகள் நாமமும் சிரிப்புமாக வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் இலை போட்டாயிற்று. அண்டாவில் சுண்டல் ஆவி பறக்கிறது. சாமிக்கு முன்னால் திரை போடப் பூசாரி துணியைக் கையில் எடுத்துவிட்டார். இடுப்பில் துண்டோடு மாமனார் வெங்கடசாமி சாமி இலைக்குச் சுண்டல் எடுக்கப் பெரிய கரண்டியோடு நிற்கிறார்.

"மாமா, அதைப் படைக்காதீங்க! அது கொள்ளு இல்ல, விஷம்!"

தப்பட்டை நின்றது. ஊர் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"என்னாம்மா சொல்ற?"

"பள்ளிக்கூடத்துல நான் குடுத்த கொள்ளு மாமா. அதுல மருந்து போட்டிருக்குது. விதைக்குப் போடற மருந்து. எனக்குத் தெரியாது. சாம்பல்னு நெனச்சுட்டேன்."

வெங்கடசாமி அண்டாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சாம்பல் பட்ட கொள்ளைத்தாம்மா பொறந்ததுலேருந்து தின்னுக்கினு வர்றேன். செத்தா போயிட்டேன்? கழுவி, ஊற வெச்சு, வேக வெச்சாச்சு. நாழியாவுது. படிச்சவங்களுக்கு எதைப் பார்த்தாலும் பயம். தள்ளி நில்லு."

"மாமா, கோழி செத்துப் போச்சு மாமா!"

"எந்தக் கோழி? யார் வீட்டுக் கோழி?"

யார் வீட்டுக் கோழி என்று சொல்ல முடியுமா? டிப்போ என்று ஆரம்பித்தால் கங்கப்பனில் போய் முடியும். அந்த ஒரு நொடி அவள் தடுமாறினாள். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்து ஊர் ஜனம் தங்களுக்குள் சிரித்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர் வருகிற பயத்தில் டீச்சருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் தெலுங்கில் சொன்னார். பூசாரி திரைத் துணியை விரித்தார். "கோவிந்தா!" என்று பிள்ளைகள் கூவின. அதில் கௌரியின் கீச்சுக் குரலும் கேட்டது.

சாமி சாப்பிட்டு முடித்தால் அடுத்த கவளம் பிள்ளைகளுக்கு. இனி வாதாட நேரமில்லை. இவர்களை நம்ப வைக்க முடியாது என்று ருக்மணிக்குத் தெரிந்துபோயிற்று. நம்பாதவர்களையும் தடுக்கிற வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மாமனார் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். அண்டாவுக்குள் விட்டு ஒரு கரண்டி சுண்டலை அள்ளினாள். ஊர் பார்க்க, சாமி பார்க்க, அதை வாயில் வைத்துக் கவ்வினாள். அதே கரண்டியைத் திரும்ப அண்டாவுக்குள்ளேயே போட்டாள். பிறகு வாயில் இருந்ததைப் பாறை ஓரத்தில் துப்பினாள்.

எச்சில்! படையலுக்கு முன்னால் எச்சில்! இனி அந்த அண்டாவிலிருந்து ஒரு பருக்கை சாமிக்கு ஆகாது. சாமிக்கு ஆகாதது யார் இலைக்கும் ஆகாது.

"அய்யோ ராமா!" என்று பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பூசாரி துணியை நழுவ விட்டுவிட்டார். "என்னா காரியம் பண்ணிட்டடி பாவி!" என்று வெங்கடசாமி கையை ஓங்கினார். அந்தக் கை அப்படியே நின்றது, இறங்கவில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வருஷம் பூராவும் இந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கிற மனிதர்.

"என்னை என்னா வேணா பண்ணுங்க மாமா. முதல்ல குழி தோண்டி அதைப் புதைங்க. மாடு, நாய், காக்கா எதுவும் வாய் வெக்கக் கூடாது. உங்க கால்ல விழறேன்."

"அந்த விதையை உனக்கு யார் குடுத்தது?"

படியின் கடைசியில் கங்கப்பன் வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"யாரும் குடுக்கல. நான்தான் கொண்டாந்தேன்," என்றாள் ருக்மணி.

நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு தரம் துப்பிப் பார்த்தாள், போகவில்லை. சின்ன வயதில் ஓட்டைக் காலணாவை வாயில் போட்டுக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்குவாளே, அதே ருசி. துட்டு ருசி. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

நாலு ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே அண்டாவைத் தூக்கிப் போனார்கள். பாறைச் சரிவில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ருக்மணி பிள்ளைகள் முன்னால் மண்டியிட்டாள். வகுப்பில் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"யாரும் பயப்படாதீங்க. டீச்சர் அடிக்க மாட்டேன். முளைச்ச கொள்ளை யாராச்சும் வாயில போட்டீங்களா? வீட்டுலயோ, வர்ற வழியிலயோ?"

"இல்ல டீச்சர்."

"நெசமா?"

"சாமி சத்தியமா இல்ல டீச்சர்."

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொன்றும் தலையாட்டியது. அப்பாடா, தப்பித்தோம் என்று எழுந்திருக்கப் போனாள். அப்போது கடைசியில் உட்கார்ந்திருந்த மாதம்மாள் என்ற வாண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு புகார் சொன்னது.

"கௌரிதான் டீச்சர் தின்னா. செம்பு அவகிட்டதான இருந்துச்சு, வழியெல்லாம் அள்ளி அள்ளித் தின்னுக்கினே வந்தா. நான் கேட்டேன், எனக்குக் குடுக்கவே இல்ல. எங்கம்மா டீச்சர், எனக்குத்தான்னு சொல்லிட்டா."

கௌரி தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. நாமம் அழிந்து நெற்றியெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"கொஞ்சந்தாம்மா. இனிப்பா இருந்துச்சு."

ஊர்ப் பிள்ளைகளுக்காக ஓடி வந்தாளே, அத்தனை பிள்ளைகளும் தப்பித்தார்களே, தன் வயிற்றில் பிறந்ததுதானா அகப்பட வேண்டும்? அலறவும் முடியவில்லை. ட்ரெயினிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்த முதலுதவிப் பாடம் எங்கேயோ அடியிலிருந்து மேலே வந்தது. விஷம் தின்றால் முட்டை வெள்ளைக்கரு. பால். உடனே டாக்டர். குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் இறங்கினாள்.

"பாஷா அண்ணே! முட்டை குடுங்க! வண்டியை ஆஸ்பத்திரிக்கு விடுங்க!"

"யா அல்லா! ஏறும்மா, ஏறு!" என்று லால் பாஷா கூடையை மூடியிருந்த வைக்கோலை இரண்டு கையாலும் அள்ளி வீசினார்.

ருக்மணி ஒரு முட்டையை எடுத்தாள். மாவுக் கையிலிருந்து நழுவி அது வண்டிச் சக்கரத்தில் விழுந்து உடைந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் நழுவியது. மூன்றாவது முட்டையை எடுத்தது அவள் கை இல்லை. சந்தனமும் நாமக்கட்டியும் அப்பிய, நரம்பு புடைத்த கை. வெங்கடசாமி பின்னாலேயே இறங்கி வந்திருந்தார். புரட்டாசி பிறந்தால் முட்டை விற்கிற தெருவில்கூட நடக்காத மனிதர், கையோடு கொண்டுவந்த அரிசிச் செம்பின் விளிம்பில் முட்டையைத் தட்டி உடைத்தார். மஞ்சளை ஒதுக்கி வெள்ளையைச் செம்பில் விட்டார். இன்னொன்று, இன்னொன்று என்று உடைத்துக்கொண்டே இருந்தார்.

"குடிம்மா கௌரி."

"இன்னிக்குச் சனிக்கெழம தாத்தா. சாமி கண்ணைக் குத்தும்."

"குத்தட்டும். என் கண்ணைக் குத்தட்டும்னு சொல்லிட்டேன் சாமிகிட்ட. நீ குடி என் தங்கமே."

மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள். பாதி உள்ளே போயிற்று, பாதி வாந்தியாக வந்தது. திரும்ப ஊற்றினார்கள். சென்னம்மாள் எங்கிருந்தோ பால் செம்போடு ஓடி வந்தாள். "நான் போட்டேனே, என் கையால நான் போட்டேனே," என்று வாயில் அடித்துக்கொண்டு அழுதவளை யாரும் தேற்றவில்லை, யாருக்கும் அதற்கு நேரமில்லை.

வெங்கடசாமி ஜட்காவில் ஏறிப் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டார். ருக்மணி பக்கத்தில் ஏறினாள். அப்போதுதான் அவர் கேட்டார்.

"டாக்டர் மொதல்ல என்னா மருந்துன்னுதான் கேப்பாரு. அதுக்கேத்த மாதிரிதான வைத்தியம் பண்ணுவாரு? பேரு என்னாம்மா அதுக்கு?"

ருக்மணிக்குத் தெரியாது. மருந்தின் பெயர் ஒரே இடத்தில்தான் இருந்தது, டிப்போ மூலையில் கிடந்த டப்பாவின் மேல். அவள் கங்கப்பனைப் பார்த்தாள். அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். டப்பாவோடு அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தால் நாளைக்கு ஓசூர் முழுவதும் தெரிந்துவிடும். அவள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அந்த மனிதனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"அம்மா," என்றது கௌரி. "வாயில துட்டு வெச்ச மாதிரியே இருக்குதும்மா. துப்பினாலும் போவ மாட்டேங்குது."

ருக்மணியின் நாக்கில் அந்த ருசி இன்னும் இருந்தது. ஒரு வாய் கவ்வித் துப்பியவளுக்கே இப்படி என்றால், வழியெல்லாம் அள்ளித் தின்ற குழந்தைக்கு? வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

கங்கப்பனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அப்பா," என்றான். "கொள்ளு கொண்டாந்தது ருக்கு இல்லப்பா. நான்தான். டிப்போவுல கேக்காம எடுத்தாந்தேன். டப்பா அங்கதான் இருக்குது. நீங்க போங்க. நான் எடுத்துக்கினு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்."

அப்பன் பதில் சொல்வதற்குள் சைக்கிளில் தாவி ஏறிவிட்டான். செருப்பு ஒன்று கழன்று மண்ணில் விழுந்தது. அதை எடுக்கவும் நிற்கவில்லை. ஜட்கா மண் ரோட்டிலிருந்து பெரிய ரோட்டில் ஏறுவதற்குள் அவன் வளைவில் திரும்பி மறைந்துவிட்டான். ருக்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டப்பா வந்துவிடும், டாக்டர் பார்த்துவிடுவார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

வெங்கடசாமி மட்டும் வெளியே தலையை நீட்டி வெயிலை அண்ணாந்து பார்த்தார். பொழுது உச்சிக்கு வந்திருந்தது.

"பாஷா," என்றார் மெதுவாக. "இன்னிக்குச் சனிக்கெழம. டிப்போ அரை நாள்தான?"

லால் பாஷா கடிவாளத்தைத் தளர்த்தி விட்டார். குதிரையைச் சாட்டையால் ஒரு அடி அடித்தார். மடியில் கிடந்த கௌரி தலையைத் தூக்கி வண்டிக்கு வெளியே மறுபடியும் துப்பியது.